நாலரை மணிக்கே இருட்டினால்: சின்னக் குழந்தையோடு இலையுதிர் காலமும் முன்பனியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அவளோடு நான்கு இலையுதிர் காலங்களைப் பார்த்தாகிவிட்டது. அவற்றில் முதலாவதில் அவள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தாள், அதனால் அது கணக்கில் சேராது. மற்ற மூன்றிலும் நண்பர்கள் என்னிடம் கேட்டவை, நான் மற்றவர்களிடம் கேட்டவை, இரவு இரண்டு மணிக்கு என்னை நானே கேட்டுக்கொண்டவை எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். ஒன்றிலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மாதங்கள் வடகோளக் கணக்கு. தெற்கே இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளுங்கள்.

குளிர் இன்னும் வரவேயில்லை. செப்டம்பர் கடைசியிலேயே சாயங்காலம் ஆனால் அழுகை, அடம். ஏன்?

குளிரைவிட முதலில் வருவது இருட்டு. செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகின்றன. பகல் மிக வேகமாகச் சுருங்குவதும் அந்த நாட்களில்தான். 50 டிகிரி அட்சரேகை ஊர்களில் நாளுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் குறையும். வாரத்துக்கு இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் போய்விடுகிறது. ஜூனில் பதினாறு மணி நேரத்துக்கு மேல் இருந்த பகல் டிசம்பர் கடைசியில் எட்டு மணி நேரம்தான்.

நமக்குக் கடிகாரம் இருக்கிறது. பிள்ளைக்கு அது கிடையாது. காப்பகத்திலிருந்து வந்ததும் வெளியே ஓடி விளையாடுவது, வெயில் சாய்ந்ததும் வீட்டுக்குள் வருவது, சாப்பாடு, குளியல், கதை என்று அதன் நாள் முழுக்க வெளிச்சத்தை வைத்துத்தான் ஓடுகிறது. அந்த விளையாட்டு நேரம் மூன்று நான்கு வாரத்தில், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், காணாமல் போகிறது. அழாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்குப் புது வகுப்பு, புது ஆசிரியர், முதல் சளி எல்லாமே அந்த மாதத்தில்தான் வந்து சேரும்.

எல்லாரும் செப்டம்பரில் கோட் வாங்க ஓடுகிறார்கள். கோட் பொறுக்கும், நாளின் அட்டவணை பொறுக்காது.

சரி, அட்டவணையில் எதைத்தான் மாற்றுவது?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்கு இரண்டரை வயது. நவம்பரில் ஒருநாள், மணி நாலரை. நான் அடுப்படியில் இருந்தேன். அவள் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தி, "அப்பா, நாளைக்கு ஆயிடுச்சா?" என்றாள். இல்லடா, இன்னும் இன்னைக்குத்தான் என்றேன். நம்பவில்லை. வெளியே ராத்திரி, அப்பா மட்டும் சாயங்காலம் என்கிறார் என்றால் யார்தான் நம்புவார்கள்? பொய் சொல்கிறேன் என்றே முடிவுகட்டி, தூங்கும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மூன்று காரியம் செய்தோம். முதலாவது, வெளியே போவதைக் காலைக்கு மாற்றினோம். வேலை நாளில் இருபது நிமிடம் சீக்கிரம் கிளம்பி, காப்பகத்துக்குச் சுற்றுவழியாக நடந்தோம். விடுமுறை நாளில் காலை உணவு முடிந்த கையோடு வெளியே. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் இரவுத் தூக்கமும் ஒழுங்காகிறது. உடம்பின் உள்கடிகாரம் அதை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது.

இரண்டாவது, விளக்குகளை இருட்டுவதற்கு முன்பே போட்டுவிடுவோம். அற்ப விஷயம்போலத் தெரியும். இருட்டின அறையில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று யாரோ சுவிட்சைத் தட்டினால் 'பகல் முடிந்தது' என்று அறிவித்தமாதிரி இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே விளக்கு எரிந்தால் அந்த வாசலைப் பிள்ளை கவனிக்காமலே கடந்துவிடுகிறது.

மூன்றாவது, குளியலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்தோம். ஐந்திலிருந்து ஏழு வரை நீள்கிற அந்த வெறும் நேரத்தை வேறு எதுவும் இவ்வளவு நன்றாக நிரப்பவில்லை. சாப்பாட்டையும் அரை மணி முன்னால் தள்ளினோம்.

இருட்டின பிறகு வெளியே கூட்டிப் போகலாமா?

தாராளமாக. இருட்டில் நடப்பது பிள்ளைக்குத் திருவிழா மாதிரி. கையில் ஒரு டார்ச் கொடுத்துவிடுங்கள், தெருவில் இருக்கிற ஒவ்வொரு பூனையும் குட்டையும் நாலு தடவை பரிசோதிக்கப்படும். ஆனால் கறுப்பு, கருநீலக் கோட் போட்ட சின்ன உருவம் வண்டி ஓட்டுபவர் கண்ணில் படவே படாது. ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை கோட்டிலும் பையிலும் தள்ளுவண்டியிலும் கட்டாயம் இருக்கட்டும். வெளிர் நிறச் சட்டை மட்டும் போதாது.

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கும் வாரத்தை எப்படிச் சமாளிப்பது?

ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான இடங்களில் நவம்பர் முதல் ஞாயிறு. "ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்" என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் சின்னக் குழந்தை இல்லை என்று அர்த்தம். ஆறு மணிக்கு எழுகிற பிள்ளை அன்றைக்கு ஐந்துக்கே எழுந்து உங்கள் இமையை விரலால் திறந்து பார்க்கும்.

ஐந்தாறு நாள் முன்பிருந்தே தூங்கும் நேரத்தை நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். தூக்கத்தை மட்டும் தள்ளினால் போதாது, சாப்பாடு, குளியல், கதை எல்லாம் சேர்ந்து தள்ள வேண்டும். மாற்றிய பிறகு முதல் வாரம் காலையில் படுக்கையறையை இருட்டாக வைத்து, எழுந்ததும் நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். முன்கூட்டியே எதுவும் செய்ய மறந்துவிட்டதா? பரவாயில்லை. ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். நாங்கள் போன வருடம் மறந்தோம், உயிரோடுதான் இருக்கிறோம்.

எத்தனை உடுப்பு போடுவது? கை எப்போதும் ஜில்லென்று இருக்கிறதே?

கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள். சின்னக் குழந்தைகளின் கையும் காலும் நல்ல சூட்டில் இருக்கும்போதும் குளிர்ந்தே இருக்கும். பிடரியிலோ முதுகிலோ இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். கதகதப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் சரியாக இருக்கிறது. வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். ஜில்லென்றிருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள்.

கைக்குழந்தைக்கு நாம் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதல் என்பது நல்ல கணக்கு. ஓடுகிற பிள்ளைக்கு அது பொருந்தாது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அசைவதில்லை, தள்ளுகிற நாம்தான் நடந்து சூடாகிறோம். அதனால் நமக்கு வியர்க்கும்போது அதற்குக் குளிரலாம். அதே பிள்ளை இறங்கி ஓட ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். வியர்வை ஊறிய பருத்திச் சட்டையோடு காற்றில் நிற்பதுதான் உண்மையான குளிர். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு தரும். அதனால் உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது சீக்கிரம் உலரும் துணி, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்குமேல் காற்றும் தண்ணீரும் நுழையாத ஜாக்கெட். ஒரு தடிமனான கோட்டைவிட இந்த மூன்று மெல்லிய அடுக்கு எத்தனையோ மேல், வேண்டியபோது ஒன்றை உரித்துவிடலாம்.

தள்ளுவண்டியின் மேல் போர்வையைத் திரைபோலப் போட்டு மூடாதீர்கள். உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிவிடும், பிள்ளை எப்படி இருக்கிறது என்பதும் தெரியாது.

கோட் போடவே விடமாட்டேன் என்கிறது. தினமும் போர்.

இந்தப் போரில் நான் தோற்ற நாட்கள்தான் அதிகம். கடைசியில் காப்பகத்தில் ஒரு ஆசிரியை செய்து காட்டிய வித்தை காப்பாற்றியது. கோட்டைத் தரையில் மல்லாத்தி, உள்பக்கம் மேலே தெரிகிறமாதிரி விரியுங்கள். தொப்பி இருக்கிற பக்கம் பிள்ளையின் கால்விரல்களைத் தொட வேண்டும், அதாவது பிள்ளைக்குக் கோட் தலைகீழாகத் தெரிய வேண்டும். பிள்ளை குனிந்து இரண்டு கைகளையும் கைப்பகுதிக்குள் விட்டு, அப்படியே தலைக்குமேல் தூக்கிப் பின்னால் போடட்டும். கோட் முதுகில் போய் விழும், கை இரண்டும் உள்ளே இருக்கும். முதல் தடவை வெற்றி பெற்றபோது மகள் கழற்றி மறுபடி, கழற்றி மறுபடி என்று ஒன்பது தடவை செய்தாள். நாங்கள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம், ஆனால் யாரும் அழவில்லை.

இரண்டு வயதிலேயே முயன்று பார்க்கலாம், மூன்று வயதில் பெரும்பாலும் கைவந்துவிடும். ஜிப்பை அடியில் கோத்துக் கொடுப்பது மட்டும் நம் வேலை.

அப்படியும் மறுக்கிறதா? கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டுங்கள். நாற்பது அடியில் குளிரே பேசிக்கொள்ளும். அந்த நாற்பது அடியில் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

கையுறை எது நல்லது?

நான்கு விரலும் ஒன்றாகப் போகிறது, கட்டைவிரல் மட்டும் தனி, அந்த வகை. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். விரல் விரலாகப் பிரித்த கையுறையை மூன்று வயதுப் பிள்ளைக்குப் போட்டுவிட முயன்றவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நீளக் கயிறு, நீள மஃப்ளர் இரண்டும் வேண்டாம். சறுக்குமரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். மஃப்ளருக்குப் பதில் தலைவழியே மாட்டும் கழுத்துக் குழாய் போதும். கையுறை தொலையும். மூன்று ஜோடி ஒரே நிறத்தில் வாங்கினால் ஒற்றைகள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொள்ளும்.

காரில் தடிமனான கோட்டோடே இருக்கையில் கட்டலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வளைந்து கொடுக்காத பதில் சிலவே, அவற்றில் இது ஒன்று. பஞ்சடைத்த கோட்டுக்கு மேல் வார் இறுக்கமாக இருப்பதுபோலத்தான் தெரியும். மோதலின் வேகத்தில் அந்தப் பஞ்சு அமுங்கிவிடும், வாருக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி விழும், பிள்ளை வாரிலிருந்து வழுக்கி வெளியே வரலாம்.

வீட்டில் சோதித்துப் பாருங்கள். கோட்டோடு கட்டி வாரை இறுக்குங்கள். வாரை அப்படியே விட்டுப் பிள்ளையை இறக்கி, கோட்டைக் கழற்றி மறுபடி கட்டுங்கள். தோள்பட்டைக்கு மேல் வாரை இரண்டு விரலால் கிள்ளி மடிக்க முடிகிறதா? நாங்கள் செய்தபோது என் உள்ளங்கையே உள்ளே போனது. அன்றிலிருந்து மெல்லிய ஸ்வெட்டரோடு கட்டி, அதற்குமேல் கோட்டைத் திருப்பிப் போர்த்திவிடுகிறோம்.

மழை, காற்று. இதில் வெளியே போகத்தான் வேண்டுமா?

தினமும் ஒரு தடவை போவது நல்லது. இருபது நிமிடம் போதும். ரப்பர் பூட்ஸும் மழைக்கால்சட்டையும் இருந்தால் மழை நாள்தான் பிள்ளைக்குப் பிடித்த நாள், குட்டையில் குதிக்க வேறு எப்போது முடியும்? கொட்டும் மழையில் இடி இடித்தாலோ, பலத்த காற்றில் மரக்கிளை முறியும் என்று தோன்றினாலோ உள்ளேயே இருங்கள். கடுங்குளிரில் வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், காற்று வீசினால் வெறும் தோல் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கும். கன்னம், காது, விரல்நுனி வெளுத்தாலோ பிள்ளை அமைதியாகிவிட்டாலோ திரும்பிவிடுங்கள். அழுகையைவிட அந்த அமைதிதான் கவலைப்பட வேண்டியது.

"இலை ஏன் சிவப்பாச்சு?" என்று கேட்டால் என்ன சொல்வது?

'இலையுதிர் காலம்' என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு மறந்த சொல் இது. அந்தச் சொல்லுக்கு உள்ளே எவ்வளவு நடக்கிறது என்பது மகள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பெரியவர்களுக்கான பதில் இது: பகல் சுருங்கிக் குளிரும்போது மரம் புதிதாகப் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது, இருக்கிற பச்சையத்தையும் சிதைத்து, அதிலுள்ள சத்தைத் தண்டுக்கு இழுத்துக்கொள்கிறது. மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டு நிறமிகள். அவை கோடை முழுக்க இலைக்குள்ளேயே பச்சைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவை. சிவப்பு அப்படியில்லை. அது ஆந்தோசயனின். பெரும்பாலும் இலையுதிர் காலத்தில்தான், இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு புதிதாக உண்டாகிறது. பளிச்சென்ற வெயிலும் உறையாத குளிரும் உள்ள ஆண்டுகளில் சிவப்பு தூக்கலாக இருக்கும். கடைசியில் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி, இலையைக் கத்தரித்துவிடுகிறது. காற்று பிடுங்குவதாக நாம் நினைக்கிறோம். மரமே கையை விடுகிறது.

மூன்று வயதுக்கு நான் சொன்னது: "மரம் தூங்கப் போகுது. சாப்பாட்டை எல்லாம் உள்ளே எடுத்து வெச்சுக்குது. அதான் பச்சை போயிடுச்சு. மஞ்சள் முன்னாடியே உள்ளே இருந்துச்சு, இப்பத்தான் தெரியுது." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தன் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள், உள்ளே என்ன நிறம் இருக்கிறது என்று.

பொறுக்கி வந்த இலைகளை என்ன செய்வது?

முதலில் பையைக் காலி செய்யுங்கள். ஒருமுறை துவைக்கிற இயந்திரத்தில் பை நிறைய இலையும் இரண்டு நத்தை ஓடும் போய்விட்டது. இலைத்தூள் மூன்று துவைப்பு வரைக்கும் வந்துகொண்டே இருந்தது.

தடிமனான புத்தகத்தில் இரண்டு உறிஞ்சும் தாளுக்கு நடுவே வைத்து, மேலே இன்னும் நாலு புத்தகம் ஏற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் தட்டையாக உலர்ந்துவிடும். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். இலைமேல் வெள்ளைத் தாளை வைத்து, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்புகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வரும், இது ஒன்றரை வயதுக்கும் பிடிக்கும். பெரிதாகத் திட்டம் போடாதீர்கள். பிள்ளைக்குப் பொறுக்குவதுதான் வேலை, கைவினை நமக்கு.

காட்டுப் பழங்கள், காளான்கள் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொட்டைகள் மூச்சுக்குழலை அடைக்கக்கூடிய அளவில் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூக்கு ஒழுகி நின்றதே இல்லை. எதிர்ப்புச் சக்தி குறைவா?

பெரும்பாலும் இல்லை. சின்னப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறிலிருந்து எட்டு சளி வருவது இயல்பு. காப்பகம் போகிறவர்களுக்கு அதற்கு மேலும் வரலாம். ஒரு சளி ஏழு முதல் பத்து நாள், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். இந்தச் சளிகளில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவே வந்து குவிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றின் வால் முடிவதற்குள் அடுத்ததன் தலை வந்துவிடும். நமக்கு ஒரே சளி ஐந்து மாதம் இருந்ததுபோலத் தெரிகிறது, உண்மையில் அது ஆறு வேறு வேறு சளி. ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே ஒன்றிரண்டு நல்ல நாட்கள் இருக்கிறதா என்று காலண்டரில் குறித்து வையுங்கள். நான் குறித்தேன். அந்தக் குறிப்பு மருத்துவரைவிட எனக்குத்தான் அதிகம் ஆறுதல் தந்தது.

மூக்கொழுகல் பச்சை நிறமானால் உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று இல்லை. சாதாரண வைரஸ் சளியிலும் நாலைந்து நாளில் நிறம் மாறும்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் காத்திருக்கவே கூடாது, உடனே. எந்த வயதிலும் மூச்சைக் கவனியுங்கள். வேகமாக வாங்குகிறதா, விலாவுக்கு இடையே தோல் உள்ளே குழிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறதா, உதடு நீலம் பாய்கிறதா, எழுப்பினாலும் எழாமல் துவள்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர உதவியை அழையுங்கள். வழக்கத்தில் பாதிகூடக் குடிக்கவில்லை, பன்னிரண்டு மணி நேரமாக டயபர் நனையவில்லை, காய்ச்சல் ஐந்து நாளைத் தொட்டுவிட்டது என்றால் அன்றே காட்டுங்கள்.

இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆர்எஸ்வி வைரஸ் சாதாரணச் சளிபோல ஆரம்பித்து, நாலைந்து நாளில் நெஞ்சுக்குள் இறங்கி இழுப்பாகலாம். நடுராத்திரி திடீரென்று நாய் குரைப்பதுபோல இருமல் வந்தால் அது குரூப் (croup), அதாவது குரல்வளை வீக்கம். அசையாமல் மடியில் உட்காரவைத்து அமைதிப்படுத்துங்கள், அழுதால் இன்னும் மோசமாகும். மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மருத்துவமனை.

இதெல்லாம் பொது அறிவுதான். உங்கள் பிள்ளையை நேரில் பார்க்கிற மருத்துவர் சொல்வதே செல்லும்.

இருமல் மருந்து கொடுக்கலாமா? தேன்?

கடையில் நேரடியாக வாங்கும் இருமல், சளி மருந்துகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிதாக உதவுவதில்லை, பக்கவிளைவுகள் உண்டு. நாலு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று பல நாடுகளில் பெட்டியிலேயே எழுதியிருக்கும், சில நாடுகளில் ஆறு வயது. ஒரு வயது முடிந்த பிள்ளைக்குத் தூங்கும் முன் அரை அல்லது ஒரு தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் ஒரு துளியும் கூடாது, பாட்டுலிசம் என்ற கொடிய நஞ்சாக்கத்துக்கு அது வழிவகுக்கும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் என்றால் பிள்ளையின் எடைக்குத் தக்க அளவு. ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குத் தரவே கூடாது.

அடைத்த மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு நல்லது. மகள் அதை வெறுக்கிறாள். முதலில் பொம்மை யானைக்கு விட வேண்டும், அதுவும் இரண்டு மூக்கிலும்.

ஈரத்தலையோடு போனால் சளி பிடிக்குமா?

சளியைத் தருவது வைரஸ், ஈரத்தலை அல்ல. ஆனால் குளிர்காலத்தில் எல்லாரும் ஜன்னலை மூடிக்கொண்டு ஒரே அறையில் இருக்கிறோம், மூக்கின் உள்பக்கமும் வறண்டுவிடுகிறது, அதனால் தொற்று எளிதாகிறது. பாட்டிகள் பார்த்தது சரி, சொன்ன காரணம்தான் வேறு. தலையைத் துவட்டிவிட்டுப் போங்கள், குளிராமலாவது இருக்கும்.

கையைச் சோப்புப் போட்டு இருபது விநாடி கழுவும் பழக்கம் எல்லாவற்றையும்விட மேல். வாந்தி வைரஸான நோரோவுக்குக் கைக்குத் தடவும் ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்வதில்லை, சோப்பும் தண்ணீரும்தான். வாந்தி நின்று இரண்டு நாள் ஆன பிறகே காப்பகத்துக்கு அனுப்புங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆறு மாதம் முடிந்தவர்களுக்குப் போடலாம். முதல் முறை என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு நாலு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவைப்படும், அதனால் இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கன்னமும் முழங்கை மடிப்பும் சொரசொரவென்று ஆகிவிட்டதே?

ஹீட்டர் காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. குளியலைச் சுருக்குங்கள், வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து பத்து நிமிடம், சோப்பு அழுக்கான இடத்துக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே வாசனை இல்லாத களிம்பைத் தடவுங்கள். காற்றை ஈரமாக்கும் கருவி வைத்திருந்தால் தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே பூஞ்சை குடியேறும்.

வைட்டமின் டி?

வெயில் சாய்வாக விழும் மாதங்களில் உயர் அட்சரேகைகளில் தோலால் அதைப் போதுமான அளவு உண்டாக்க முடியாது. ஒரு வயதுக்குள் நாளுக்கு 400 ஐ.யூ., அதாவது 10 மைக்ரோகிராம் என்பது பரவலான பரிந்துரை. அதற்குமேல் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், மருத்துவரிடம் கேளுங்கள். தோல் கறுத்த பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியம்.

இரவில் அறை எவ்வளவு சூடாக இருக்கலாம்?

நாம் நினைப்பதைவிடக் குளிர்ச்சியாக. கைக்குழந்தைக்கு 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் போதும். ஒரு வயதுக்குள் தளர்ந்த போர்வை, தலையணை வேண்டாம், தூங்கும் பை போதும். உள்ளே தொப்பியும் வேண்டாம், குழந்தை தலைவழியாகத்தான் அதிகச் சூட்டை வெளியேற்றுகிறது.

வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் நாட்களில் என்ன செய்வது?

பொம்மையில் பாதியை ஒளித்துவையுங்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்தால் புதுசு. சோபா மெத்தைகளைத் தரையில் போட்டு மலை ஏறவிடுங்கள், உடம்பு ஓடாத பிள்ளை இரவில் தூங்காது. எங்கள் வீட்டில் மிக அதிக நாள் உழைத்த விளையாட்டுப் பொருள் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அக்டோபரில் கப்பல், நவம்பரில் கரடிக் குகை, டிசம்பரில் மூலை கிழிந்து 'ஆஸ்பத்திரி' ஆனது.

தொலைக்காட்சி? போட்டோம். இரண்டு பேருக்கும் காய்ச்சல் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை நிறையவே போட்டோம். கூட உட்கார்ந்து பார்ப்பதும், தூங்குவதற்கு ஒரு மணி முன் நிறுத்துவதும் எங்களுக்கு ஒத்துவந்தன.

குளிர்காலத்தில் வீட்டில் எதற்குப் பயப்பட வேண்டும்?

மூன்றுக்கு. ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டருக்குத் திரைச்சீலையோ துணியோ பிள்ளையோ இருக்கக்கூடாது. எரிபொருள் எரியும் எந்த அடுப்பு, ஹீட்டர் இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேண்டும், அந்த வாயுவுக்கு வாசனையும் நிறமும் இல்லை. மூன்றாவது, அலங்கார விளக்கிலும் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையிலும் இருக்கும் பொத்தான் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும். திருகாணி போட்டு மூடியதை மட்டும் வாங்குங்கள். விழுங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

எனக்கே முடியவில்லை. இருட்டும் சளியும் தூக்கமின்மையும்.

தெரியும். மனைவியும் நானும் இரவுகளைப் பங்குபோட்டுக்கொண்டோம், இரண்டு மணி வரை ஒருவர், அதற்கப்புறம் மற்றவர். இருவரும் அரைகுறையாக விழித்திருப்பதைவிட ஒருவர் முழுசாகத் தூங்குவது மேல். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்த யோசனை உதவாது. அவர்கள் பகலில் ஒரு மணி நேரமாவது யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்படாமல். வாரக்கணக்கில் எதிலும் மனசு ஒட்டவில்லை, எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்றால் அது வெறும் அலுப்பாக இல்லாமல் இருக்கலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போதுதான் வெளிச்சம் திரும்பும்?

நீங்கள் நினைப்பதற்கு முன்பே. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21, 22 வாக்கில். ஆனால் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது அன்றைக்கு அல்ல. 40இலிருந்து 50 டிகிரி அட்சரேகை ஊர்களில் டிசம்பர் இரண்டாவது வாரத்திலேயே அது முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் சாயங்காலம் மெல்ல மெல்ல நீள ஆரம்பிக்கும். காலைதான் ஜனவரி முதல் வாரம் வரை இன்னும் கொஞ்சம் இருட்டிக்கொண்டே போகும். காலையைக் கொடுத்துச் சாயங்காலத்தை வாங்குகிறோம், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நல்ல பேரம்தான்.

போன டிசம்பர் கடைசியில், மணி ஐந்தாகப் பத்து நிமிடம், மகள் அதே ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டுக் கூரைக்குமேல் ஒரு விரல் அகலத்துக்கு ஆரஞ்சு மிச்சமிருந்தது. "அப்பா, இன்னும் இன்னைக்குத்தான்" என்றாள்.